இன்னாய்யா, காது கேக்காதா

சைக்கிளுக்குக் கண்ணாடி கிடையாது.
இருபத்தாறு வருஷமாகக்
காதால்தான் முதுகுக்குப் பின்னால் பார்க்கிறேன்.

காட்பாடி ஸ்டேஷன் பஸ்
கியர் மாற்றும்போது ஒருமுறை இருமும்.
குடியாத்தம் லாரிக்கு முன்னால்
அதன் சங்கிலி வந்துவிடும்.
பால்காரர் தணிகாசலத்தின் வண்டியில்
கேன்கள் பேசிக்கொண்டே வரும்,
நிறைந்திருந்தால் கம்மியாக,
காலியானால் ஓயாமல்.
புல்லட் வருவது
என் விலா எலும்புக்கு முதலில் தெரியும்.
எவ்வளவு தூரம், எந்தப் பக்கம்,
ஓட்டுகிறவன் குடித்திருக்கிறானா,
எல்லாம் தெரியும், திரும்பாமலே.

அன்றைக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்துப்
பாலாற்றுப் பாலத்தில் வந்துகொண்டிருந்தேன்.
மணி ஐந்தேகால்.
கீழே ஆறு மணலாகக் கிடந்தது.
அது சத்தம் போடாதது பழகிப்போன விஷயம்.
முன்னால் ஒரு குழி.
கை தானாக வலப்பக்கம் ஒடித்தது.

வானம் ஒருமுறை
கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து போனது.

பிறகுதான் சத்தங்கள் வந்தன.
சக்கரம் சும்மா சுற்றியது.
டிபன் கேரியர் மூடி நெடுந்தூரம் உருண்டு,
யோசித்து, விழுந்தது.
ஒரு பெண் குரல் "யா அல்லாஹ்" என்றது.
நடைப்பயிற்சிக்கு வந்தவர் குனிந்து கேட்டார்:
"இன்னாய்யா, காது கேக்காதா?"

காறை எலும்புக்குக் கட்டுப் போட்டார்கள்.
எதற்கும் காதையும் பாருங்கள் என்றேன்.
கண்ணாடி அறையில் உட்காரவைத்துக்
கொசு பாடுவதுபோல் ஒலிகளை விட்டார்கள்.
கேட்டால் விரலைத் தூக்கணும்.
எல்லாவற்றுக்கும் தூக்கினேன்.
குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.
அந்தத் தாள் சட்டைப்பையில் இருக்கிறது,
அடுத்த ஆள் கேட்டால் காட்ட.

இந்த ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு:
தண்ணியில்லாத ஆறு,
ராசா இல்லாத கோட்டை,
மரமில்லாத மலை.
கடைசியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்,
சத்தமில்லாத வண்டி.

சண்டைக்கு வரவில்லை.
ராத்திரி முழுக்க டிரம் இரைச்சலில் நிற்கிறவன்
இரைச்சலுக்காக வாதாடுவானா.
புகை போகட்டும், உறுமல் போகட்டும்.
"வரேன்" என்கிற ஒரு சொல்லும்
அதோடு போகணுமா?

எங்கள் தெரு முனையில் ஒரு செவலை நாய்.
நடுரோட்டில் தூங்கும்,
எந்த வண்டிக்கும் கடைசி நொடியில் எழும்.
சோம்பேறிதான், கணக்குப் பிசகாது.
போன மாசம் எழவில்லை.
அதன் காதை யாரும் பரிசோதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு வந்தாள்.
பேர் தஸ்னீம்.
ஆம்பூரில் ஷூ கம்பெனித் தையல்,
ஐந்தே முக்கால் ரயில்.
வாசலில் வண்டி நின்றது எனக்குத் தெரியாது.
கட்டில்மேல் நிழல் விழவும் தூக்கிவாரிப்போட்டது.
அதைப் பார்த்து அவள் அழுதுவிட்டாள்.
"பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகலைண்ணே,
அதான் இத வாங்கினேன்."
ஹாரன் அடித்தால்
திட்டுகிற மாதிரி இருக்குமாம்.
விடியக்காலையில் யாரைப் போய்த் திட்டுவது.

அடுத்த ஞாயிறு
தெரு முனையிலேயே கத்தினாள்,
"அண்ணே, வரேன்!"
எதிர் வரிசையில் நாலு ஜன்னல் திறந்தது.

ஏழு வாரம் கழித்து மறுபடி அதே பாலம்.
குழியின் மேல் யாரோ
செங்கல் வைத்திருக்கிறார்கள்.
பத்து மிதிக்கு ஒருமுறை கழுத்து தானாகத் திரும்புகிறது.
திரும்பும் நேரம்
முன்னால் இருப்பது போய்விடுகிறது.
நேற்று அந்தச் செங்கல்லில்தான் ஏற இருந்தேன்.

அப்போது இருட்டிலிருந்து ஒரு குரல்:
"சைக்கிள்! வலப்பக்கம் வரேன்!"
அவள் இல்லை. யாரோ ஒரு பையன்.
அவளோடு ரயில் ஏறுகிறவனாக இருக்கலாம்.
ஓசையில்லாமல் பக்கத்தில் வந்தான்.

"வா ராசா, வா" என்றேன்.

அவன் காதில்
எதையோ செருகியிருந்தான்.